சுருக்காதீங்க, முதல்ல பேர் வைங்க: பழைய கம்பைலர் கோடுல இருக்கற இஃப்களைப் பத்தி

பழைய கம்பைலர் (நாம எழுதற புரோகிராமை மெஷினுக்குப் புரியற கோடா மாத்தற புரோகிராம்) சோர்ஸ் கோடைத் திறந்தா ஆளை மிரட்டுறது அல்காரிதம் இல்ல, இஃப் தான், அதாவது "இப்படி இருந்தா இதைச் செய்"ங்கற நிபந்தனை வரி. ரெஜிஸ்டர் அலொகேஷன், டேட்டாஃப்ளோ எல்லாம் புத்தகத்துல இருக்கு, நம்ம ஐஐஎஸ்சி ஸ்ரீகாந்த் சாரோட என்பிடெல் லெக்சர்ல இருக்கு, ஐஐடி பாம்பேல உதய் கேத்கர் ஜிசிசி (குனு ப்ராஜெக்டோட ஓபன் சோர்ஸ் கம்பைலர்) பத்தி நடத்தின ஒர்க்‌ஷாப் ஸ்லைடுகள்ல இருக்கு, தேடுனா கிடைச்சிடும். ஆனா ஒரு ஃபங்ஷன் நடுவுல ஏழெட்டு கண்டிஷன், அதுக்குள்ள மூணு ஆச்சரியக்குறி, பாதில ஒரு இஃப்டெஃப் (கோடோட ஒரு பகுதியைச் சேக்கறதா விடறதான்னு கம்பைலுக்கு முன்னாடியே முடிவு பண்ற வரி) வந்து எட்டிப் பாத்துட்டு போகும், மேல கமெண்ட்னு ஒரே ஒரு வரி, அதுவும் "இங்க ஜாக்கிரதை"ன்னு மட்டும். அது ஏன் அங்க இருக்குன்னு எந்த புத்தகமும் சொல்லாது.

பெங்களூர்ல அவுட்டர் ரிங் ரோட்டுல ஒரு ஆபீஸ்ல எனக்கு இது தான் தினப்படி வேலை. ஜிசிசியோட 4 சீரிஸ்ல இருந்து பிரிஞ்சு வந்த ஒரு தனி கிளையை நாங்க பராமரிக்கறோம், அந்த ப்ராசஸர் போட்ட டிவைஸ்கள் இன்னும் ஃபீல்டுல ஓடிட்டு இருக்கறதால புது வெர்ஷனுக்கு மொத்தமா தாவவும் முடியாது. டீம்ல புதுசா சேந்த சேலத்துப் பையன் ஒருத்தன், நல்லா மூளைக்காரன், அவனுக்கு இந்த இஃப்களை எப்படி சிக்கெடுக்கறதுன்னு சொல்லிக் கொடுத்துட்டு இருக்கும்போது தான், இதை தமிழ்ல யாரும் எழுதி வச்ச மாதிரி தெரியலையே, நாமளே எழுதிடலாம்னு தோணுச்சு.

சிக்குன்னா என்னன்னு ஒரு உதாரணம் பாத்துடலாம். உண்மையான பேர்களை எடுத்துட்டு எழுத்து மட்டும் வச்சிருக்கேன் (!-ன்னா "இல்ல", &&-ன்னா "ரெண்டும்", ||-ன்னா "ஏதாவது ஒண்ணாவது"):

!(!அ || (ஆ && !இ)) && (ஈ || !ஆ)

இது ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனை மேல நகத்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற இடம். அ-ன்னா ஆப்டிமைசேஷன் ஆன்ல இருக்கு. ஆ-ன்னா நகத்துற வழில ஒரு ஃபங்ஷன் கால், அதாவது இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடற இடம், குறுக்க வருது. இ-ன்னா இதுல வர்ற ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள்ள மதிப்பை வைக்கற இடம்) கால்லீ-சேவ்டு வகை, அதாவது கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் திரும்பி வரும்போது பழைய மதிப்பை அப்படியே வச்சுக் கொடுக்கணும். ஈ-ன்னா அந்த கால் செட்ஜம்ப் மாதிரி ரெண்டு தடவை ரிட்டர்ன் ஆகற ஜாதி இல்ல. இப்படி அர்த்தம் சொன்னப்புறம் கூட அந்த வரியைப் படிச்சு "ஓ இது இதைத்தான் சொல்லுது"ன்னு உடனே சொல்றவங்க கம்மி, அதுல தப்பும் இல்ல, மனுஷ மூளை எதிர்மறைக்குள்ள எதிர்மறையைப் படிக்கறதுக்கு ரொம்ப திணறும்.

சின்ன வயசுல அம்மா தலைமுடில சிக்கு எடுக்கும்போது நுனில இருந்து தான் ஆரம்பிப்பாங்க, வேர்ல இருந்து இழுத்தா வலிக்கும். இங்கயும் அப்படித்தான், உள்ளுக்குள்ள இருக்கற அடைப்புக்குறில இருந்து ஆரம்பிக்கணும். !(ஆ && !இ)-ங்கறது !ஆ || இ. அப்ப முதல் பாதி முழுசும் அ && (!ஆ || இ)ன்னு ஆயிடும். ரெண்டாவது பாதில (!ஆ || ஈ) இருக்கு. ரெண்டுலயும் !ஆ பொதுவா இருக்கறதால சேத்தா:

அ && (!ஆ || (இ && ஈ))

இப்ப படிங்க. ஆப்டிமைசேஷன் ஆன்ல இருக்கணும், அப்புறம் வழில கால் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தா ரெஜிஸ்டரும் பத்திரமான வகையா இருக்கணும், அந்த காலும் செட்ஜம்ப் வகையா இருக்கக் கூடாது. இப்படி வாயால சொல்ல முடியுது பாருங்க, அது தான் எனக்கு அளவுகோல்.

நாம இங்க பண்ணது டி மார்கன் விதி. இதை எழுதும்போது சொல்லாம இருக்க முடியல, அகஸ்டஸ் டி மார்கன் பொறந்தது நம்ம மதுரைல, 1806-ல. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனில வேலை பாத்தவர், குழந்தையா இருக்கும்போதே இங்கிலாந்துக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்க. 1847-ல அவரோட தர்க்கவியல் புத்தகம் வந்துச்சு, அதே வருஷம் தான் ஜார்ஜ் பூலோட புத்தகமும் வந்துச்சு. ஆபீஸ் பின்னாடி இருக்கற பேக்கரில டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன், பையன் "அண்ணா நிஜமாவா, மதுரையா"ன்னு ரெண்டு தடவை கேட்டான், காலேஜ்ல நாலு வருஷம் அந்த விதியை எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணவனுக்கு இதை ஒருத்தரும் சொல்லலைங்கறது எனக்கு நிஜமாவே வருத்தமா இருந்துச்சு.

சரி, காகிதத்துல அழகா வந்துடுச்சு, அப்படியே கோடுல மாத்திடலாமா? பையன் கை கீபோர்டுக்குப் போயிடுச்சு. "இருப்பா, ஈ-ங்கறது வேரியபிளா ஃபங்ஷனா பாரு"ன்னேன். ஃபங்ஷன். உள்ள போய்ப் பாத்தா அது கேள்விக்கு பதில் சொல்றதோட நிக்கல, கால் எதுவும் கிடைக்கலைன்னா கூட ஒரு குளோபல் ஃபிளாக்கை எழுதிட்டு வெளிய வருது, பின்னாடி வர்ற இன்னொரு பாஸ் (கம்பைலர் வேலையில ஒரு கட்டம்) அந்த ஃபிளாக்கைப் படிக்குது. பழைய வடிவத்துல ஈ முதல்ல, !ஆ அப்புறம், அதனால முதல் பாதி தேறினா கால் இல்லாட்டியும் ஈ ஓடும். நம்ம புது வடிவத்துல ஆ உண்மையா இருந்து, இ-யும் உண்மையா இருந்தா தான் ஈ பக்கமே போகும். தர்க்கப்படி ரெண்டும் ஒண்ணு, ஆனா ஓடுற புரோகிராமா ரெண்டும் வேற வேற. டி மார்கன் விதி வரிசையை மாத்தாது, அதனால அது மட்டும் பண்ணா ஆபத்து இல்ல, பொதுவா இருக்கறதை வெளிய எடுக்கறது, இடம் வலம் மாத்தறது, இதெல்லாம் தான் வரிசையைக் கலைக்கும். சி மொழில && || ரெண்டும் இடப்பக்கத்துல விடை தெரிஞ்சுட்டா வலப்பக்கத்தைத் தொடவே தொடாது, பழைய கோடு முழுக்க அந்த நம்பிக்கை மேல தான் நிக்குது.

அதனால நான் சொல்றது எப்பவும் ஒண்ணு தான், உடனே சுருக்காதீங்க, முதல்ல பேர் வைங்க. அந்த இஃப்ல இருக்கற ஒவ்வொரு கண்டிஷனையும் ஒரு சின்ன ஃபங்ஷனா எடுத்து "கால் குறுக்கே வருது", "ரெஜிஸ்டர் பத்திரம்", "ரெண்டு தடவை திரும்பாது"ன்னு மனுஷனுக்குப் புரியற பேர் கொடுங்க, வரிசை அப்படியே இருக்கட்டும், ரெண்டு வரி கூடுதலா ஆனாலும் பரவால்ல. குட்டியா அழகா ஒரு வரில அடக்கறதுல வர்ற சந்தோஷம் எழுதினவனுக்கு மட்டும் தான், அஞ்சு வருஷம் கழிச்சு படிக்கறவனுக்கு பேர் தான் வேணும்.

அடைப்புக்குறி பத்தியும் சொல்லணும். புதுசா வர்றவங்க தேவையில்லாத மாதிரி தெரியற அடைப்புக்குறியை எல்லாம் சுத்தம் பண்றேன்னு கிளம்புவாங்க. (ஃபிளாக்ஸ் & மாஸ்க்) == 0-ன்னு இருக்கறதுல அந்த அடைப்பை எடுத்துட்டா முதல்ல மாஸ்க் == 0 தான் கணக்காகும், மாஸ்க் பூஜ்யம் இல்லைன்னா அது 0, அப்புறம் எதோட & போட்டாலும் 0, ஆக கண்டிஷன் எப்பவுமே பொய். ஏன் & இவ்வளவு கீழ இருக்குன்னா அதுக்கு ஒரு வரலாறு இருக்கு, டென்னிஸ் ரிச்சி 1993-ல சி மொழி எப்படி வளந்துச்சுன்னு எழுதின கட்டுரைல விளக்கியிருக்கார். சி-க்கு முன்னாடி இருந்த பி மொழில && கிடையாது, இஃப் உள்ள & வந்தா அதுவே "ரெண்டும் உண்மையான்னு பாரு, முதல்ல பொய்னா நிறுத்து"ன்னு எடுத்துக்கும், வேற இடத்துல வந்தா பிட் கணக்கு. ஒரே குறிக்கு ரெண்டு அர்த்தம்ங்கறது விளக்கறதுக்கே கஷ்டமா இருந்துச்சு, ஆலன் ஸ்னைடர்ங்கறவர் யோசனை சொன்னதால && || ரெண்டையும் சேத்தாங்க. ஆனா அதுக்குள்ள அ == ஆ & இ-ன்னு எழுதின பழைய கோடு இருந்துச்சு, அது உடையக் கூடாதுன்னு &-ஐ ==-க்கு கீழயே விட்டுட்டாங்க. இன்னிக்கு நான் பெங்களூர்ல உக்காந்து போடற ஒவ்வொரு அடைப்புக்குறியும் அந்த முடிவோட தொடர்ச்சி. கம்பைலர்ல ஃபிளாக், மாஸ்க் இல்லாத பக்கமே கிடையாது, அதனால நமக்கு இது மத்தவங்களை விட அதிகமா வலிக்கும். ரிச்சியோட 1972-73 காலத்து சி கம்பைலர்கள் ரெண்டு பழைய டேப்ல இருந்து மீட்டு வெளிய வந்திருக்கு, நேரம் கிடைச்சா படிங்க. அதுக்குப் பின்னாடி யூனிக்ஸ் ஆறாம் பதிப்போட வந்த கம்பைலர்ல எக்ஸ்பிரஷனைப் படிக்கற ஃபங்ஷன் ஒண்ணு லேபிள், கோட்டூன்னு தாவித் தாவியே போகும், ஆனா கூர்ந்து பாத்தா அவ்வளவு குட்டி மெமரில எப்படி அடக்கியிருக்காங்கன்னு மலைப்பா இருக்கும்.

எல்ஸ் எந்த இஃபுக்கு சொந்தம்ங்கற பிரச்சினை அல்கால் 60-ங்கற பழைய மொழி காலத்துல இருந்தே இருக்கு. சி-ல பக்கத்துல இருக்கற இஃபுக்கு தான் அது சொந்தம். யாக்ங்கற டூல் வச்சு பார்சர் (கோடை இலக்கணப்படி பிரிச்சுப் படிக்கற பகுதி) எழுதினவங்களுக்கு இந்த இடத்துல ஒரு ஷிஃப்ட்-ரெடியூஸ் மோதல், அதாவது எல்ஸை உள் இஃபோட சேக்கறதா இல்ல அந்த இஃபை அதோட முடிச்சுடறதாங்கற குழப்பம், வரும்னு தெரியும், யாக் பேசாம ஷிஃப்ட் பண்ணி பக்கத்து இஃபோட சேத்துடும், அது தான் நமக்கு வேண்டியதும். மெஷினுக்குக் குழப்பம் இல்ல, கண்ணுக்குத் தான் குழப்பம், ஏன்னா கண்ணு இடைவெளியைத் தான் நம்பும். ஜிசிசி கோடை முதல் தடவை திறக்கறவங்களுக்கு ஒரு உபயோகமான விஷயம்: எடிட்டர்ல டாப் (Tab) அகலம் 8-ன்னு வைங்க. குனு ஸ்டைல்ல ஒவ்வொரு படிக்கும் ரெண்டு ஸ்பேஸ், எட்டு ஸ்பேஸ் சேந்தா ஒரு டாப், ரெண்டும் கலந்து இருக்கும். அகலம் 4-ன்னு இருந்தா உள்ள இருக்க வேண்டிய எல்ஸ் வெளிய தெரியும், வெளிய இருக்கறது உள்ள தெரியும், அரை நாள் வீணாப் போகும். ஜிசிசி 6-ல இருந்து (2016) ஏமாத்தற இடைவெளியைக் கண்டுபிடிச்சு எச்சரிக்கற வார்னிங் வந்துடுச்சு, -Wall ஆப்ஷன் போட்டாலே வேலை செய்யும். 2014-ல ஆப்பிளோட எஸ்எஸ்எல் (இன்டர்நெட் இணைப்பைப் பாதுகாக்கற) கோடுல ஒரு கோட்டூ வரி ரெண்டு தடவை வந்து ரெண்டாவது இஃபுக்கு வெளிய விழுந்து, சர்வரோட கையெழுத்தைச் சரி பாக்கற கடைசிக் கட்டமே நடக்காமப் போச்சே, அந்த மாதிரி தப்பு இதுல பிடிபட்டிருக்கும். எங்க பழைய கிளையோட சோர்ஸையே புது ஜிசிசி வச்சு ஒரு தடவை கம்பைல் பண்ணி அது கத்தற இடங்களை மட்டும் பாக்கச் சொல்வேன், சிக்கு எங்கெங்க இருக்குன்னு ஒரு வரைபடம் மாதிரி கிடைச்சிடும்.

இஃப்டெஃப் தனி தலைவலி. ஒரு இஃப்டெஃப் உள்ள பிரேஸ் திறக்கும், இன்னொரு இஃப்டெஃப் உள்ள மூடும், இஃபோட தலை ஒரு கிளைல, உடம்பு பொதுவுல. பழைய ஜிசிசில இதுக்கு பேர் போனது சிசி0, கண்டிஷன் கோடை (ஒப்பிட்டதோட விடையை ப்ராசஸர் குறிச்சு வைக்கற இடம்) தனியா மாடல் பண்ணாம பக்கத்து பக்கத்து இன்ஸ்ட்ரக்‌ஷன்ல தான் இருக்கணும்னு வச்சிருந்த பழைய ஏற்பாடு. வாக்ஸ், எம்68கே மாதிரி சில ப்ராசஸர் டார்கெட்டுக்காக பொதுக் கோடு முழுக்க அதுக்கு விதிவிலக்கு எழுதி வச்சிருந்தாங்க, ஜிசிசி 12-ல (2022) தான் அதை மொத்தமா எடுத்தாங்க. உங்க டார்கெட்டுக்கு அது தேவையே இல்லைன்னு நிச்சயமா தெரிஞ்சா யூனிஃப்டெஃப்னு ஒரு சின்ன டூல் இருக்கு, எந்த மேக்ரோ உண்டு எந்த மேக்ரோ இல்லைன்னு சொன்னா அந்தக் கிளைகளை மட்டும் வெட்டிட்டு மத்ததை, கமெண்ட் உள்பட, அப்படியே விட்டுடும். ப்ரீப்ராசஸர் வழியா ஓட்டினா எல்லா மேக்ரோவும் விரிஞ்சு படிக்கவே முடியாது, இது அப்படி இல்ல. நிரந்தரமா மாத்த வேண்டாம்னாலும் படிக்கறதுக்காகவே ஒரு காப்பி எடுத்து வெட்டி வச்சுக்கங்க.

இப்ப முக்கியமான கேள்வி, ஒரு கண்டிஷன் ஏன் இருக்கு. கணக்கு இதுக்கு உதவாது. பழைய கம்பைலர்ல ஒவ்வொரு கூடுதல் && பின்னாடியும் பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட உடைஞ்ச புரோகிராம் இருக்கு. கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியா மாத்தினது யாருன்னு காட்டற கட்டளை) போட்டா கடைசியா இடைவெளி திருத்தினவர் பேர் தான் வரும், அதனால அந்த எக்ஸ்பிரஷனையே கொடுத்து அது எந்த கமிட்ல (பதிவு பண்ண மாற்றத்துல) முதல் தடவை உள்ள வந்துச்சுன்னு தேடணும். ஜிசிசியோட பழைய சேஞ்ச்லாக் ஃபைல்கள் என்ன மாறுச்சுன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது, அது அவங்க வழக்கம். ஆனா கூடவே சேத்த டெஸ்ட்கேஸ் சொல்லும். டார்ச்சர் டெஸ்ட் ஃபோல்டர்ல பாருங்க, தேதியே பேரா வச்ச ஃபைல், பக் நம்பரே பேரா வச்ச ஃபைல்னு வரிசையா இருக்கும். அந்த கண்டிஷனை மட்டும் எடுத்துட்டு டெஸ்ட்டை ஓட்டினா எது உடையுதோ அது தான் அந்த கண்டிஷனோட பிறப்புச் சான்றிதழ்.

எதுவும் உடையலைன்னா? அப்ப தான் கவனம் அதிகமா வேணும். எங்க டீம்ல பழைய ஏர்போர்ட் ரோடு பக்கம் ஏவியானிக்ஸ் வேலை பாத்துட்டு வந்த ஒருத்தர் இருக்கார், மைசூர்க்காரர், தமிழ் நல்லா பேசுவார், எம்சிடிசி கவரேஜை (டெஸ்ட் போதுமான்னு பாக்கற ஒரு அளவுகோல்) எனக்கு உருப்படியா புரிய வச்சது அவர் தான். விமான சாஃப்ட்வேர்ல டிஓ-178பி, அதுக்கு அப்புறம் வந்த டிஓ-178சி தரங்கள்ல லெவல் ஏ-க்கு ஒரு முடிவுல இருக்கற ஒவ்வொரு கண்டிஷனும் தனியா அந்த முடிவை மாத்த முடியும்னு டெஸ்ட்ல நிரூபிக்கணும். நாலு கண்டிஷனுக்கு ட்ரூத் டேபிள்ல 16 வரிசை, ஏழுன்னா 128, ஆனா எம்சிடிசிக்கு குறைஞ்சது கண்டிஷனை விட ஒண்ணு கூடுதலா டெஸ்ட் இருந்தா போதும். இந்தக் கேள்வியை அப்படியே நம்ம இஃப்கிட்ட கேக்கலாம்: மத்ததெல்லாம் அப்படியே இருக்க, நீ மட்டும் மாறினா முடிவு மாறுமா? எந்த நிலைலயும் மாறாதுன்னு காட்ட முடிஞ்சா அது செத்த கண்டிஷன். மேல இருக்கற உதாரணத்துல ஆ ரெண்டு இடத்துல வருது பாருங்க, ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை மட்டும் மாத்த முடியாது, அந்த மாதிரி இடத்துல தான் கணக்கும் டெஸ்ட்டும் சேந்து வேணும். ஜிசிசி 14-ல (2024) இந்த கவரேஜ் அளக்கற ஆப்ஷனே வந்துடுச்சு, க்ளாங்ங்கற இன்னொரு கம்பைலர்லயும் இருக்கு.

கண்டிஷனைத் திருப்பிப் போடறதுல இன்னொரு குழி இருக்கு, இதுல விழாதவங்க கம்மி. அ < ஆ-க்கு எதிர்மறை அ >= ஆ-ன்னு கை தானா எழுதிடும். முழு எண்ணுக்கு சரி. ஃப்ளோட்டிங் பாயிண்ட்ல ஒரு பக்கம் நேன் ("இது எண்ணே இல்ல"ன்னு குறிக்கற மதிப்பு) வந்துட்டா அ < ஆ பொய், அ >= ஆ-வும் பொய். ஜிசிசில ரிவர்ஸ் கண்டிஷன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுக்கு மேலயே இதைப் பத்தி எச்சரிக்கை எழுதியிருக்காங்க, பக்கத்துலயே ஸ்வாப் கண்டிஷன்னு இன்னொண்ணு இருக்கு. முதலாவது முடிவைத் திருப்பும், ரெண்டாவது இடம் வலத்தை மட்டும் மாத்தும், அதாவது அ < ஆ-வை ஆ > அ ஆக்கும். பேர் பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி தோணும், தப்பா ஒண்ணைக் கூப்பிட்டா கம்பைலர் உடையாது, அது உருவாக்கற புரோகிராம் தான் எங்கயோ ஒரு நேன் வரும்போது தப்பான பக்கம் போகும். கம்பைலர் வேலைல எனக்கு பயம்னா இது தான், நம்ம தப்பு நம்ம கண்ணு முன்னாடி நடக்காது, நம்மளை நம்பி கம்பைல் பண்ண யாரோ ஒருத்தர் மெஷின்ல நடக்கும்.

ஜிசிசி ஆளுங்களே இந்த இஃப் காட்டுக்கு ஒரு நல்ல வழி பண்ணாங்க. ஃபோல்ட்-கான்ஸ்ட்னு ஒரு ஃபைல், எக்ஸ்பிரஷனை எளிமையாக்கற இடம், பல வருஷமா இஃப் உள்ள இஃப் உள்ள ஸ்விட்ச்னு வளந்துட்டே போச்சு. ஜிசிசி 5-ல (2015) மேட்ச் டாட் பிடின்னு ஒரு ஃபைல் கொண்டு வந்து, "இந்த வடிவம் வந்தா, இந்த நிபந்தனைல, இந்த வடிவமா மாத்து"ன்னு விதியா எழுத ஆரம்பிச்சாங்க, சி கோடை அதுல இருந்து ஒரு டூலே உருவாக்கிடும். படிக்கவே சுகமா இருக்கு, ஒரு விதிக்கு ஒரு காரணம், பக்கத்துலயே. எங்களை மாதிரி பழைய கிளைல மாட்டியிருக்கறவங்களுக்கு அது அப்படியே கிடைக்காது, ஆனா நான் பெரிய இஃபைப் பிரிக்கும்போது மனசுல அந்த வடிவத்தைத் தான் வச்சுக்கறேன்.

மாத்தினப்புறம் சரி பாக்கறது எங்க வழக்கத்துல ரொம்ப நேரடியானது. சாதாரண ஜிசிசியா இருந்தா தன்னைத் தானே மூணு கட்டமா கம்பைல் பண்ணி ரெண்டாவது மூணாவது கட்டத்து ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒப்பிட்டுப் பாத்துடும். எங்களுது கிராஸ் கம்பைலர் (ஒரு மெஷின்ல ஓடி வேற மெஷினுக்குக் கோடு உருவாக்கறது), அந்த வசதி இல்ல. அதனால கெர்னல், லைப்ரரி, கஸ்டமர் அனுமதிச்ச கோடு எல்லாத்தையும் பழைய பைனரில ஒரு தடவை, புது பைனரில ஒரு தடவை கம்பைல் பண்ணி அசெம்பிளியை டிஃப் போட்டு வித்தியாசம் பாப்போம். வெறும் பேர் வச்சு பிரிக்கற கமிட்னா ஒரு வரி கூட மாறக் கூடாது, மாறினா அது பிரிக்கற வேலை இல்ல, வேற வேலை, அதுக்கு தனி கமிட், தனி டெஸ்ட்.

அந்த செட்ஜம்ப் கண்டிஷன் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. குளோபல் ஃபிளாக்கை எழுதற வேலையைத் தனி ஃபங்ஷனா வெளிய எடுத்து, பழைய வரிசைல எங்க ஓடுச்சோ அதே இடத்துல கூப்பிட்டோம், டிஃப் காலியா வந்துச்சு. அதுக்கு அடுத்த கமிட்ல தான் சுருங்கின வடிவம், பேர்களோட. பையன் தான் எழுதினான், ஒவ்வொரு பேருக்கு மேலயும் எந்த டெஸ்ட்கேஸ் அதைக் காப்பாத்துதுன்னு ஒரு வரி கமெண்ட் போட்டான், ஒரு கண்டிஷனுக்கு மட்டும் டெஸ்ட் எதுவும் கிடைக்கல, அதுக்கு புதுசா ஒண்ணு எழுதிட்டு இருக்கான், ரெண்டு தடவை திரும்பற காலுக்கு நடுவுல ரெஜிஸ்டர்ல உயிரோட இருக்கற மாதிரி ஒரு வேரியபிளை வச்சு.